தண்ணீர் மீட்டரை நீங்களே பாருங்கள்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தண்ணீர் மீட்டர் வாசலுக்கு வெளியே அலமாரிக்குள் இருக்கிறது. மாமியாருக்குக் கண் மங்கல் என்பதால் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டுவேன். கறுப்பு இலக்கங்கள் கனமீட்டர். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்து, பழையதைக் கழியுங்கள். 1,248 என்பது 1,265 ஆகியிருந்தால் 17 கனமீட்டர், அதாவது 17,000 லிட்டர். மாதம் 40 கனமீட்டரைத் தாண்டினால் கட்டண விகிதமே கூடிவிடும். மின்சாரத்துக்கும் இதே கழித்தல்தான், அலகு மட்டும் கிலோவாட் மணி.

சரி, சிவப்பு இலக்கங்கள்? அவை ஒரு கனமீட்டருக்கும் குறைந்த அளவைக் காட்டும். கசிவைப் பிடிக்க அவைதான் வேண்டும். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் படமெடுங்கள். காலையில் யாரும் தண்ணீரைத் தொடும் முன் பாருங்கள். நகர்ந்திருந்தால் முதலில் கழிவறைத் தொட்டியைச் சோதியுங்கள். அது சத்தமே இல்லாமல் ஒழுகும். தொட்டியில் உணவு வண்ணம் கலந்து கொஞ்ச நேரம் விடுங்கள். ஃபிளஷ் செய்யாமலே கீழே நிறம் இறங்கினால், உடனே பிளம்பரைக் கூப்பிடுங்கள்.