ஸ்டேக் துண்டுகள்: வெண்ணெய் கடைசியில்தான்

ஸ்டேக் (மென்மையான மாட்டிறைச்சி) துண்டுகளை எண்ணெயில் வறுத்தெடுங்கள்; வெண்ணெயை அடுப்பை அணைத்த பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். இறைச்சி நன்றாகச் சிவக்க வாணலி 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய வேண்டும். அந்தச் சூட்டில் வெண்ணெயிலுள்ள பால்சத்து கருகி, சாஸ் கசந்துவிடும்.

400 கிராம் இறைச்சியை 2.5 செ.மீ. துண்டுகளாக்கி, ஈரம் போக ஒற்றியெடுத்து, உப்பும் மிளகும் தூவுங்கள். கனமான இரும்பு வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் லேசாகப் புகையும்போது, பாதித் துண்டுகளை மட்டும் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். மொத்தமாகக் கொட்டினால் சூடு இறங்கி, தண்ணீர் விட்டுச் சாம்பல் நிறத்தில் வெந்து நிற்கும். ஒரு நிமிடம் கிளறவே கூடாது. புரட்டி இன்னொரு நிமிடம், எடுத்துவிடலாம். மீதியையும் அப்படியே. அடுப்பை அணைத்து அரை நிமிடம் கழித்து 30 கிராம் வெண்ணெய், பொடியாக நறுக்கிய 3 பல் பூண்டு, 2 தேக்கரண்டி சோயா சாஸ். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டிக் கலக்குங்கள் (ருசியே அதில்தான்), பிறகு துண்டுகளைப் போட்டுப் புரட்டுங்கள். சோயா சாஸில் உப்பு உண்டு, முதலில் தூவும்போதே கையைக் கட்டுப்படுத்துங்கள்.

கால்கறி போன்ற நார் மிகுந்த இறைச்சிக்கு இது சரிவராது. அதை நிதானமாக வேகவைத்தே ஆக வேண்டும். நான்-ஸ்டிக் வாணலியும் இவ்வளவு சூட்டுக்கு ஆகாது. நெய்யானால் முதலிலேயே ஊற்றலாம், அதில் கருகப் பால்சத்து இல்லை.