டோட்டல் லாஸ் கார் வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மழைக்காலம் முடிந்து நாலைந்து மாதம் ஆனதும் பழைய கார் சந்தையில் ஒரு தினுசான வண்டிகள் தலைகாட்டும். மாடல் புதுசு, கிலோமீட்டர் கம்மி, சீட் கவரும் மேட்டும் நேற்றுப் போட்டதுபோல இருக்கும். விலை மட்டும் சந்தை விலையைவிட ஒன்றரை லட்சம் குறைவு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இதைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மிதந்த பிறகு மறுபடியும் பார்த்தோம். அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வெள்ளம் வந்ததால், சென்னைப் பதிவெண் இல்லை என்பதை வைத்து நிம்மதியடையவும் முடியாது. ரிப்பேர் செய்தால் கட்டாது என்று காப்பீட்டு நிறுவனம் 'டோட்டல் லாஸ்' போட்டுக் கணக்கை முடித்த வண்டிகள் இவை. வெள்ளத்தில் போனதும் உண்டு, விபத்தில் நொறுங்கியதும் உண்டு.

இவற்றை வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்து வாங்கினால் லாபம் உண்டு. ஆனால் என் பட்டறைக்கு வரும் பிள்ளைகள், பெரும்பாலும் முதல் கார் வாங்குகிறவர்கள், தெரியாமல் வாங்கிவிட்டு வருகிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தவறுகள்தான். டயரைப் பார், ஓட்டிப் பார், பேரம் பேசு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

டோட்டல் லாஸ் என்றால் எல்லாம் ஒன்றே என்று நினைப்பது

பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும். வண்டியின் அன்றைய மதிப்பாக நிறுவனம் ஒப்புக்கொண்டது அது. ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். அவ்வளவுதான் கணக்கு.

இப்போது யோசியுங்கள். ஒன்பது வயதுக் கார், ஐடிவி இரண்டு லட்சம். ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் கதை முடிந்தது. முன்பக்கம் இடித்து ரேடியேட்டர், ஹெட்லைட், பானெட், இரண்டு ஏர்பேக், டேஷ்போர்டு என்று ஷோரூமில் எஸ்டிமேட் போட்டால் அந்தத் தொகை சுலபமாக வந்துவிடும். அதே வேலையை வெளியே நல்ல டிங்கரிங் பட்டறையில் ஏறத்தாழ பாதிச் செலவில் முடிக்கலாம். இப்படிச் சேதமான வண்டிகளை விற்கும் சால்வேஜ் ஏலத்தில் வண்டி எடுப்பவர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். இப்படிப்பட்ட வண்டியில் சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், வளையாமல் இருந்தால், தைரியமாகப் பார்க்கலாம்.

இரண்டு வயதுக் கார் டோட்டல் லாஸ் ஆகியிருந்தால் விஷயமே வேறு. ஐடிவி ஒன்பது லட்சம் என்றால் ஆறே முக்கால் லட்சத்துக்கு மேல் சேதம் ஆகியிருக்க வேண்டும். புது வண்டிதானே என்று ஆசைப்படுகிற இடத்தில்தான் அடி பலமாக விழுந்திருக்கிறது. டேஷ்போர்டு வரை தண்ணீரில் நின்ற வண்டி என்றால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

ஆர்சி 'ஆக்டிவ்' என்று காட்டுவதைப் பார்த்துத் திருப்தி அடைவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இந்த ஒன்றில்தான்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்' என்று குறித்துவிடுவார்கள். நம் ஆர்சியில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. எம்பரிவாகன் என்ற அரசுச் செயலியில் நம்பரைத் தட்டினால் உரிமையாளர் எத்தனையாவது கை, கடன் பாக்கி உண்டா, இன்சூரன்ஸ் எதுவரை என்றெல்லாம் வரும். 'ஆக்டிவ்' என்றால் பதிவு ரத்தாகவில்லை, அவ்வளவே பொருள். வண்டி எந்தக் குளத்தில் எத்தனை நாள் கிடந்தது என்பது அதற்குத் தெரியாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, அழிந்துபோன அல்லது இனி ஓட்டவே முடியாத வண்டியை 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்கச் சொல்கிறது. ஆனால் டோட்டல் லாஸ் என்பது ரிப்பேர் கட்டாது என்ற பணக் கணக்கு. ஓடவே ஓடாது என்று பொருள் இல்லை. அதனால் பல வண்டிகளில் ஆர்சி ரத்தாவதில்லை. ஆர்சியோடு சேர்த்தே ஏலத்தில் வாங்கி, பட்டறையில் தேற்றி, முதல் உரிமையாளர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த, பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களோடு உங்களுக்கு விற்றுவிடுவார்கள். நடுவில் இருந்த ஏலக்காரரும் பட்டறைக்காரரும் ஏட்டிலேயே வரமாட்டார்கள். நீங்கள் சந்தோஷமாக 'செகண்ட் ஓனர்' ஆகிவிடுவீர்கள்.

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி இப்படித்தான் ஆறு லட்சத்துக்கு மேல் கொடுத்து ஒரு கார் வாங்கிவிட்டு, சில மாதம் கழித்து ஸ்டார்ட் ஆகாமல் டோ செய்து கொண்டுவந்தார். ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. "எல்லாம் கிளியரா இருக்குண்ணே, செயலியில பாத்துட்டுத்தான் வாங்கினேன்" என்றார். டிரைவர் சீட்டைக் கழற்றி கார்ப்பெட்டைத் தூக்கினேன். வயரிங் கனெக்டரைப் பிரித்தால் பின்கள் எல்லாம் பச்சை பூத்திருந்தன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால், சுருளுக்குள் கிடந்த பகுதியில் ஒரு பழுப்புக் கோடு. மேலே தெரியும் பகுதியை ஷாம்பு போட்டுக் கழுவியவர்கள் அதுவரை இழுக்கவில்லை.

அப்புறம் ஃபைலைக் கேட்டேன். ஃபைல் கனமாக இருந்தால் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும் என்று புரோக்கர் இருந்த காகிதத்தையெல்லாம் அடுக்கிக் கொடுத்திருந்தார். அதில் இரண்டு பாலிசி. ஒன்று 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஆகஸ்ட் வரை, முழுக் காப்பீடு, என்சிபி (கிளெய்ம் வாங்காமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 35 சதவீதம். இன்னொன்று 2024 மார்ச்சில் தொடங்கியது, வேறு நிறுவனம், தேர்டு பார்ட்டி மட்டும், அதாவது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான காப்பீடு. இரண்டிலும் முதல் உரிமையாளர் பெயர்தான்.

ஆகஸ்ட் வரை முழுக் காப்பீடு கையில் இருக்கும் மனிதர் மார்ச்சில் எதற்குத் தேர்டு பார்ட்டி பாலிசி எடுக்க வேண்டும்? டோட்டல் லாஸ் பணம் கொடுத்ததும் பழைய பாலிசியை நிறுவனம் முடித்துவிடும். வண்டியை விற்க ஏதாவது ஒரு பாலிசி வேண்டுமே, அதற்காகப் பேருக்கு எடுத்ததுதான் இரண்டாவது. வேறு காரணமும் இருக்கலாம் என்று சர்வீஸ் சென்டரில் விசாரிக்கச் சொன்னேன். கடைசிப் பதிவு 2023 டிசம்பர்: தண்ணீரில் மூழ்கி டோ செய்து வந்த வண்டி, எஸ்டிமேட் உண்டு, பில் இல்லை.

வயரிங் முழுவதையும் மாற்ற ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். மாற்றினாலும் அடுத்து எது போகும் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. இத்தனையும் வாங்கும் முன்பே அந்தத் தம்பியின் கையில் இருந்த ஃபைலில் இருந்தது என்பதுதான் ஆத்திரம்.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே கடைசி மூன்று வருடப் பாலிசி நகல்களைக் கேளுங்கள். தேதிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றனவா? நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி உண்டா? முழுக் காப்பீடு திடீரெனத் தேர்டு பார்ட்டியாக மாறியிருக்கிறதா? என்சிபி வருடா வருடம் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். கிளெய்ம் வாங்கினால் பூஜ்யத்துக்கு விழும். பல வருடமாக ஒரே உரிமையாளர், ஆனால் என்சிபி பூஜ்யம் என்றால் என்ன நடந்தது என்று கேளுங்கள். பாலிசியைப் புதுப்பிக்காமல் 90 நாளைத் தாண்டவிட்டாலும் பூஜ்யமாகிவிடும், அதனால் உடனே திருட்டுப் பட்டம் கட்ட வேண்டாம். நேர்மையானவரிடம் பதில் இருக்கும். "பழைய பாலிசி எதுக்கு சார், இப்ப லைவ்ல இருக்கே" என்று சிரிப்பவரிடம் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஏர்பேக் விளக்கு எரியவில்லை என்று மகிழ்வது

சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். வேறொரு விளக்கோடு சேர்ந்து அதே நொடியில் அணைந்தால் வயரை அதோடு இணைத்திருக்கலாம். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரெசிஸ்டரை மாட்டி, கம்ப்யூட்டரையே ஏமாற்றுகிற ஆட்களும் உண்டு. அப்போது விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும். விபத்தில் விரிய உள்ளே ஒன்றும் இருக்காது. விபத்தில் டோட்டல் லாஸ் ஆன வண்டி என்றால், பழைய ஏர்பேக் விரிந்ததா, புதியது வாங்கிய பில் எங்கே என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாசனையில் மயங்குவது

ஏர் ஃப்ரெஷ்னரை வெளியே எடுத்து, கண்ணாடிகளை ஏற்றி, வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறங்கள். உள்ளே ஊறிய ஈர வாடை இருந்தால் அப்போது தெரியும்.

இரவில் போய்ப் பார்ப்பது

வேண்டாம்.

வாங்கும் விலையோடு கணக்கை முடிப்பது

இன்று நீங்கள் ஒன்றரை லட்சம் குறைத்து வாங்கினால், நாளை விற்கும்போது அதே குறைப்பை உங்களிடமும் கேட்பார்கள். கடனில் வாங்குவதானால் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டால் கடன் சிக்கலாகும். முழுக் காப்பீடு கிடைக்குமா, எவ்வளவு ஐடிவிக்கு என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே, வண்டியின் கதையை மறைக்காமல் சொல்லி, நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள். சந்தை விலையில் 30 சதவீதமாவது குறையாத டோட்டல் லாஸ் வண்டிக்கு நான் பேரமே பேச மாட்டேன்.

சேஸிஸ் நம்பரைக் குனிந்து பார்க்காதது

தேறாத வண்டியின் ஆர்சியை மட்டும் வாங்கி, அதே மாடலில் திருடிய காரில் அந்த சேஸிஸ் நம்பரை அடித்து விற்கும் கும்பல்களை நாட்டின் பல இடங்களில் போலீஸ் பிடித்திருக்கிறது. அப்படிப்பட்ட கார் உங்களிடம் இருந்து பிடிபட்டால் வண்டியும் போகும், பணமும் போகும். ஆர்சியில் உள்ள எண்ணையும் உலோகத்தில் அடித்திருக்கும் எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். சுற்றிலும் கிரைண்டர் ஓடிய தடம், புதுப் பெயிண்ட், ஒரே வரியில் உயரம் மாறும் எழுத்துகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில், வண்டி திருட்டுப் பட்டியலில் இல்லை என்பதற்கான சான்றையும் எடுக்கலாம். எண் எங்கே அடித்திருக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வண்டியோடு வரும் கையேட்டில் தேடுங்கள்.