சபைக்கு விலைமனுப் போடப் போகும் கடைக்காரருக்கு

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்பொருட்கடை வைத்திருக்கிறேன். பிரதேச சபைக்குத் தெருவிளக்குக் குமிழ் கொடுத்தால் காசு சுணங்கித்தான் வரும், ஆனால் வரும். அதற்கு முதலில் வழங்குநராகப் பதிய வேண்டும். வருடக் கடைசியில் அடுத்த ஆண்டுக்கான பதிவு விளம்பரம் வரும், கண் வைத்திருங்கள். சின்னக் கொள்வனவுக்குக் குறைந்தது மூன்று பேரிடம் விலை கேட்பார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர் வீட்டுக் கதவைத் தபால்காரர் தட்டமாட்டார். பெரிய தொகையென்றால் பத்திரிகையில் கேள்விக்கோரல் (டெண்டர்) வரும்.

நெடுங்காலம் அரச கொள்வனவுக்கு 2006ஆம் ஆண்டுப் பெறுகை வழிகாட்டிதான் வேதம். 2025 ஜனவரி 1 முதல் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி நடைமுறையில் இருக்கிறது. பழையதை வைத்திருப்பவர்கள் வடை சுற்றக் கொடுத்துவிடலாம். ஒப்பந்தம் ஐம்பது இலட்சம் ரூபாவைத் தாண்டினால் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி கம்பனிப் பதிவாளரிடமும் பதிய வேண்டும். என் கடை அந்த உயரத்துக்கு இன்னும் வளரவில்லை.

விலைமனு ஆவணத்தை வாங்கிய அன்றே கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். குமிழ் எத்தனை வாற்று, உத்தரவாதம் எத்தனை வருடம், மாதிரி கேட்கிறார்களா, விலைமனுவோடு பிணை (காப்புத்தொகை) வேண்டுமா, விலை எத்தனை நாள் செல்லுபடியாக வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மூலமும் பிரதியும் தனித்தனி உறையில் கேட்டால் தனித்தனியாகத்தான் போட வேண்டும். வெட்டித் திருத்திய இடமெல்லாம் கையொப்பம் வையுங்கள்.

இனி என் முட்டாள்தனம். ஒருமுறை 120 குமிழ்களுக்கு விலை கேட்டார்கள். ஒன்று 1,850 ரூபா, மொத்தம் 222,000 என்று கணக்குப் போட்டேன். இரவு பதினொரு மணிக்குப் படிவத்தை நிரப்பியபோது அலகு விலையில் 1,580 என்று எழுதிவிட்டேன். மொத்தம் சரியாகவே இருந்தது. ஆனால் இரண்டும் முரண்பட்டால் அலகு விலைதான் நிற்கும், மொத்தத்தைத் திருத்துவார்கள். 189,600 ரூபாவோடு நானே குறைந்த விலைக்காரன் ஆகிவிட்டேன். அந்தத் திருத்தத்தை மறுத்தால் விலைமனுவும் போகும், கட்டிய பிணையும் போகும். 32,400 ரூபாவை விழுங்கிக்கொண்டு குமிழ்களை ஏற்றினேன். இப்போது உறையை ஒட்டுமுன் மனைவி ஒவ்வொரு வரியையும் பெருக்கிப் பார்ப்பார். ஒட்டும் பசை அவர் கையில்தான்.

விலைமனுப் பெட்டி மூடும் நேரம் பத்து மணியென்றால் ஒன்பதரைக்கே போய்விடுங்கள். பிந்திய உறையைத் திறக்காமலே திருப்பித் தருவார்கள். பஸ் பழுதானது என்று சொல்லிப் பயனில்லை. மூடியதும் அங்கேயே திறந்து விலைகளை உரத்து வாசிப்பார்கள். கட்டாயம் இருந்து எல்லோருடைய விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூடிய விலைக்காரருக்கு ஒப்பந்தம் போனால் உடனே சந்தேகப்பட வேண்டாம்; குறைந்த விலைக்காரரின் குமிழ் கேட்ட தரத்தில் இல்லாமலும் இருக்கலாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள்.

கிடைத்துவிட்டால், பொருளை இறக்கியதும் களஞ்சியக்காரரிடம் எண்ணிக் காட்டிப் பொருள் பெற்றதற்கான கையொப்பம் வாங்கிக்கொண்டே லொறியைத் திருப்புங்கள். அது இல்லாமல் காசுக்கு நீங்கள் கொடுக்கும் பில் கணக்குக் கிளை மேசையை விட்டு அசையாது.