குளிசை போட்டாச்சா என்று முதலில் கேளுங்கள்

கிளிநொச்சிப் பக்கம் வீடு வீடாகப் போகிற தாதி நான். பார்க்கின்சன் (உடம்பு நடுங்கி இறுகும் மூளை நோய்) உள்ளவருக்கு யோசனை தடுமாறுகிறதா என்று பார்க்கப் போனால், கேள்வித்தாளை எடுக்க முதல் நான் கேட்பது இதுதான்: "ஐயா, காலமைக் குளிசை போட்டாச்சா?"

பிழைவிட்டுப் படித்த பாடம் இது. இரணைமடுவுக்கு அங்காலிருந்து முதல் பஸ்ஸில் கிளினிக்குக்கு வந்த ஒரு ஐயா, பஸ் போய்விடும் என்ற அவதியில் பார்க்கின்சனுக்கான லெவோடோபா குளிசையைப் போடாமலே வந்திருந்தார். நான் கேட்கவில்லை. ஞாபகத்தையும் யோசனையையும் பார்க்கிற மொக்கா (MoCA) சோதனையில் 30க்கு 14. மகள் அழுதேவிட்டாள். இரண்டு மாதம் கழித்து வீட்டில், குளிசை போட்டு முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு வைத்தபோது 21. குறைவுதான், ஆனால் 14 இல்லை.

மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது கேட்கிறதா, இரவு நித்திரை கொண்டாரா என்றும் பாருங்கள். மனம் சோர்ந்திருந்தாலும் புள்ளி குறையும். கேட்டுவிட்டுக் காத்திருங்கள், இந்த நோயில் பதில் மெல்லத்தான் வரும். நான் மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். அதற்குள் அவரின் மனுசி பதிலைச் சொல்லிவிடுவா என்பதால், அவவைத் தேத்தண்ணி போடக் குசினிக்கு அனுப்பிவிடுவது என் வழக்கம்.

மொக்காவில் எனக்குப் பிடித்தது மணிக்கூடு. வட்டம் கீறி, இலக்கம் போட்டு, பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொல்ல வேண்டும். கோடு நடுங்குவதும் எழுத்து சிறுத்துப் போவதும் கையின் கோளாறு. அதைப் பெரிதாக எடுக்காதீர்கள். இலக்கங்கள் எல்லாம் ஒரு பக்கம் நெருங்கிக் கிடந்தால், அல்லது பெரிய முள் 2க்குப் போகாமல் 'பத்து' என்ற சொல்லுக்கு இழுபட்டு 10இல் நின்றால், அது திட்டமிடும் மூளையின் தடுமாற்றம். பார்க்கின்சனில் பலருக்கு முதலில் அசைவது அதுதான். ஞாபகம் வைக்கச் சொன்ன ஐந்து சொற்களை மறந்தவருக்கு, புள்ளி போட்ட பிறகு, ஒரு சாடை காட்டிப் பாருங்கள். உடனே சொன்னால் சொல் உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் கஷ்டம்.

மொக்காவில் 26க்குக் கீழே வந்தால் குறைவு என்பார்கள்; கேட்டவுடன் பயப்படவும் வேண்டாம். 12 வருடமோ அதற்குக் குறைவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டுவார்கள். ஆனால் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கு அந்த ஒரு புள்ளி எந்த மூலைக்கு? அதற்காக 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கிற கேள்வியை நெல்மூட்டைக் கணக்காக மாற்றிவிட்டுப் புள்ளி போடாதீர்கள். கதைக்கக் கேளுங்கள், புள்ளியில் சேர்க்க வேண்டாம்.

அடுத்து, குளிசைப் பையைக் கையில் கொடுத்து, எது எத்தனை மணிக்கு என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். பெட்டியைத் திறக்க முடியாவிட்டால் கை. திறந்துவிட்டு எதை எடுப்பதென்று தெரியாமல் இருந்தால் தலை. கையால் அல்ல, யோசனையால் அன்றாட வேலை குழம்பும்போதுதான் மருத்துவர்கள் டிமென்ஷியா (மறதி நோய்) என்பார்கள். நடுக்கமோ இறுக்கமோ வருவதற்கு முன்பே, அல்லது வந்து ஒரு வருடத்துக்குள்ளேயே மறதி தொடங்கியதென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது லூயி பொடி டிமென்ஷியா என்கிற, பார்க்கின்சனை ஒத்த இன்னொரு மறதி நோயாக இருக்கலாம்.

இரண்டு மூன்று நாளில் திடீரெனக் குழம்பினால் சோதனையே வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வெயிலில் உடம்புக்குத் தண்ணீர் போதாமல் போனது, நடுக்கத்துக்குக் கொடுக்கும் பென்செக்சோல், தடிமனுக்குப் போட்ட பிரிட்டன் (Piriton) குளிசை, எதுவாகவும் இருக்கலாம். வளவுக்குள் பிள்ளைகள் நிற்பதாக, நாய் ஓடுவதாக இல்லாததைக் கண்டால் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு ஹலோபெரிடோல் எழுதினால், பார்க்கின்சன் ஆள் என்பதைக் கட்டாயம் ஞாபகப்படுத்துங்கள்; உடம்பு இறுகிவிடும்.

கிளினிக் கொப்பியில் புள்ளியோடு குளிசை போட்ட நேரத்தையும் சோதனை வைத்த நேரத்தையும் எழுதுங்கள். அந்த ஐயாவின் கொப்பியில் 14ஐ நான் வெட்டவில்லை. பக்கத்தில் 'குளிசை போடவில்லை' என்று சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன்.