ஒற்றைக் குஞ்சின் ஓயாத கத்தல்: என் அனுபவம்

கையிலேயே வளரும் கோழிக்குஞ்சு, நாம் நகர்ந்ததும் கீச்கீச்சென்று கத்தினால் உடனே தூக்காதீர்கள். முதலில் சூட்டைப் பாருங்கள். முதல் வாரம் பெட்டியில் சூடு தரும் பல்புக்கு அடியில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். பல்பு பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும், சூடு அதிகமானால் குஞ்சு விலகிப் போக இடம் வேண்டும். குளிர்ந்தால் பல்புக்கு அடியிலேயே ஒண்டும். சூடு மிஞ்சினால் சிறகை விரித்து, வாய் திறந்து மூச்சு வாங்கும்.

சூடு சரியாக இருந்தும் கத்தினால் பெரும்பாலும் தனிமைதான். எனக்குப் பலித்தது இறகுத் துடைப்பம்: இறகு தரையைத் தொடும்படி தொங்கவிட்டால், தாயின் சிறகென்று அடியில் புகுந்து தூங்கிவிடும். தன் உருவத்தைத் துணையென்று நினைக்கட்டும் என்று வைத்த முகம் பார்க்கும் கண்ணாடி அவ்வளவு உதவவில்லை. அதே வயதுக் குஞ்சு இன்னொன்று கிடைத்தால் துடைப்பமும் கண்ணாடியும் தேவைப்படாது.

தூக்கும்போது மேலிருந்து கையை இறக்காதீர்கள், பருந்தென்று மிரளும். பக்கவாட்டில் உள்ளங்கையை நீட்டித் தீவனம் காட்டுங்கள், தானே ஏறும். தூக்கிய பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், முத்தம் வேண்டாம், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி தொற்றலாம்.

பெட்டியில் வெறும் செய்தித்தாள் விரித்தால் வழுக்கி, கால்கள் அகன்றுவிடும். சொரசொரப்பான துணி போடுங்கள், நூல் பிரியாததாக.