நர்சிங் டாபிக்குக்கு லைப்ரரில பேப்பர் தேடுறது எப்படி: சர்ச் பட்டனுக்கு முன்னாடி வார்த்தைய புடிங்க

நர்சிங் படிக்கறவங்கள்ல முக்காவாசி பேரு யூனிவர்சிட்டி லைப்ரரிக்கு போறது ரெண்டே விஷயத்துக்குத்தான், ஒன்னு பரீட்சை நேரத்துல அமைதியா உக்காந்து படிக்க, இன்னொன்னு பிரிண்ட் எடுக்க. அசைன்மென்ட்னு வந்துட்டா நேரா கூகுள். நானும் அப்படித்தான் இருந்தேன், முதல் வருஷத்துல ஒரு மெத்தை விக்கற கம்பெனியோட பக்கத்த ரெஃபரன்ஸா போட்டு சிவப்பு பேனால பெரிய வட்டம் வாங்கினேன், அதுக்கப்புறம்தான் லைப்ரரி வெப்சைட்னு ஒன்னு இருக்கறதே மண்டைல உறைச்சுது. உறைச்சும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா அங்கயும் போய் கூகுள்ல கேக்கற மாதிரியே முழு கேள்வியையும் டைப் பண்ணினேன், ஒரு ரிசல்ட்டும் வரல. ஜர்னல் கட்டுரைங்கள தொகுத்து வச்சிருக்கற டேட்டாபேஸ்ல தேடுறது தனி வித்தை, ஆனா கஷ்டமான வித்தை இல்ல.

முதல்ல கம்ப்யூட்டர தொடாதீங்க, ஒரு வெள்ளைத் தாள் எடுங்க. "பெட் சோர் பத்தி எழுதப்போறேன்" (பெட் சோர்னா ரொம்ப நாள் படுத்தே இருக்கறவங்களுக்கு வர்ற புண்ணு) அப்படிங்கறது கேள்வியே இல்ல, அது ஒரு கடல். "ஐசியூல இருக்கற பெரியவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ திருப்பி படுக்க வச்சா, நாலு மணி நேரத்துக்கு ஒருதடவ திருப்பறத விட புண்ணு கம்மியா வருமா?" இது கேள்வி. நர்சிங்ல இத பிகோ (PICO)ன்னு சொல்லிக் குடுப்பாங்க, யாரு பேஷன்ட், என்ன செய்யறோம், எதோட ஒப்பிடறோம், என்ன ரிசல்ட் பாக்கறோம், இந்த நாலு. கிளாஸ்ல கேக்கும்போது சடங்கு மாதிரி இருக்கும், தேட உக்காந்தா தான் அதோட அருமை புரியும். ஒரு சின்ன விஷயம், நாலையும் ஒரே நேரத்துல சர்ச்ல போடாதீங்க. பேஷன்ட்டும் என்ன செய்யறோம்ங்கறதும் மட்டும் போட்டு ஆரம்பிங்க, ரிசல்ட் பத்தின வார்த்தை நிறைய பேப்பரோட அப்ஸ்ட்ராக்ட்ல, அதாவது முன்னாடி வர்ற சுருக்கத்துல, இருக்கவே இருக்காது, அதையும் போட்டா நல்ல பேப்பரெல்லாம் கைய விட்டு போயிடும்.

இப்ப வார்த்தைக்கு வருவோம், என்னோட அனுபவத்துல பாதி பேரு இங்கதான் கவுந்துடறாங்க. ஒரே புண்ணுக்கு எத்தன பேரு பாருங்க. வார்டுல பெட் சோர்னு சொல்றோம், பழைய புத்தகத்துல டெகுபிட்டஸ் அல்சர், அப்புறம் வந்தவங்க பிரஷர் அல்சர்னு எழுதினாங்க, 2016ல அமெரிக்காவுல இதுக்குன்னே இருக்கற ஆலோசனைக் குழு பிரஷர் இன்ஜுரின்னு பேர மாத்தினாங்க. நீங்க புதுப்பேரு மட்டும் போட்டு தேடினா அதுக்கு முன்னாடி வந்த பேப்பர்ல பெரும்பாலானது கண்ணுலயே படாது, பழைய பேரு மட்டும் போட்டா புதுசு வராது. ஸ்பெல்லிங்லயும் இதே கூத்து, குழந்தைங்க வார்டுக்கு பீடியாட்ரிக்னு பிரிட்டிஷ்காரங்க பி-க்கு அப்புறம் ஏ ஒன்னு சேத்து எழுதுவாங்க, அமெரிக்காக்காரங்க எழுத மாட்டாங்க, அனஸ்தீசியா, ஹெமரேஜ் எல்லாத்துக்கும் அதே கதைதான். அதனால கேள்வில இருக்கற ஒவ்வொரு முக்கியமான வார்த்தைக்கும் கீழ அதோட மத்த பேரு எல்லாத்தையும் எழுதி வைங்க. பத்து நிமிஷ வேலை, ஆனா இத பண்ணாம ரெண்டு நாள் சுத்தினவங்கள எனக்கு தெரியும், அதுல நானும் ஒருத்தி.

எங்க தேடுறதுன்னா, நர்சிங்குக்கு முதல் இடம் சினால் (CINAHL). நர்சிங்கும் அத ஒட்டின துறைகளும் சம்பந்தப்பட்ட ஜர்னல்களுக்குன்னே இருக்கற டேட்டாபேஸ், காசு கட்டி வாங்கறது, அதனால லைப்ரரி வழியாத்தான் உள்ள போக முடியும். பப்மெட் எல்லாருக்கும் ஃப்ரீ, மருத்துவம் மொத்தத்தையும் பாக்கும், ஆனா நர்சிங் அனுபவம், பேஷன்ட் பேசினது, குடும்பத்தோட கஷ்டம் இந்த மாதிரி குவாலிட்டேட்டிவ் ஸ்டடின்னா சினால்ல தான் வசமா மாட்டும். காக்ரேன் லைப்ரரில சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, அதாவது ஒரு கேள்விக்கு வந்த ஆராய்ச்சிய எல்லாம் தேடி சேத்து அலசினது, இருக்கும். கூகுள் ஸ்காலர வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஒரு நல்ல பேப்பர் கிடைச்சா அத யாரெல்லாம் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு பாக்க அது சூப்பர், ஆனா ஆரம்பத்த அங்க வைக்காதீங்க.

சரி, சினால் உள்ள போயாச்சு. அட்வான்ஸ்ட் சர்ச் எடுங்க, எல்லாம் இங்கிலீஷ்ல தான் டைப் பண்ணணும். முதல் பாக்ஸ்ல பிரஷர் அல்சர், பிரஷர் இன்ஜுரி, பெட்சோர், டெகுபிட்டஸ், நடுவுல ஆர் (OR) போட்டு ஒன்னா எழுதுங்க, இதுல எது இருந்தாலும் வரட்டும்னு அர்த்தம், ரெண்டு வார்த்தை சேந்து வர்றதுக்கு மேற்கோள் குறி போடுங்க. சர்ச் அழுத்தினா ஆயிரக்கணக்குல வந்து கொட்டும், பயப்படாதீங்க, ஒன்னையும் தொறக்காதீங்க. அடுத்து தனியா டர்னிங் ஆர் ரீபொசிஷன். டர்னிங்னு மட்டும் போட்டா "டர்னிங் பாயின்ட்"னு தலைப்பு வச்ச கட்டுரையெல்லாம் வந்து சிரிக்கும், விடுங்க, அது அடுத்த ஸ்டெப்ல தானா கழண்டுடும். ஹிஸ்டரில இந்த ரெண்டு தேடலும் எஸ் ஒன்னு, எஸ் ரெண்டுன்னு நிக்கும், ரெண்டையும் டிக் பண்ணி ஆண்ட் (AND) போட்டு சேருங்க, ரெண்டும் இருக்கற பேப்பர் மட்டும் நிக்கும். இப்பதான் கைக்கு அடங்கற அளவுக்கு வரும், இன்னும் அதிகமா இருந்தா ஐசியூ, இன்டென்சிவ் கேர், கிரிட்டிக்கல் கேர்னு மூணாவது வரிய சேத்துக்கோங்க. இப்படி தனித்தனி வரியா தேடுறதுல என்ன லாபம்னா எந்த வரி சொதப்புதுன்னு உடனே தெரியும், எல்லாத்தையும் ஒரே பாக்ஸ்ல திணிச்சா எங்க ஓட்டைன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

ஸ்டார் குறி ஒன்னு இருக்கு, வார்த்தைய பாதில வெட்டி அத போட்டா மிச்சத்த அதுவே நிரப்பிக்கும். நர்ஸ்ங்கற ஸ்பெல்லிங்ல கடைசி ஈ-ய எடுத்துட்டு ஸ்டார் போட்டா நர்ஸ், நர்சஸ், நர்சிங் எல்லாம் வரும், கூடவே நர்சரியும் வந்துடும். பப்மெட்ல ஸ்டாருக்கு முன்னாடி குறைஞ்சது நாலு எழுத்து இருக்கணும், அதோட ஸ்டார் போட்டா பப்மெட் உங்க வார்த்தைக்கு தானா அர்த்தம் தேடிக் குடுக்கற வேலைய நிறுத்திடும், அதனால அங்க அளவா யூஸ் பண்ணுங்க.

கீவேர்ட் தவிர இன்னொரு வழி இருக்கு, சப்ஜெக்ட் ஹெடிங். பப்மெட்ல அதுக்கு பேரு மெஷ், சினால்ல சினால் ஹெடிங்ஸ். எழுதினவங்க என்ன பேரு வச்சிருந்தாலும் சரி, ஒரே விஷயத்த பத்தின பேப்பருக்கெல்லாம் ஒரே லேபிள் ஒட்டி வச்சிருப்பாங்க, அந்த லேபிள புடிச்சா மேல சொன்ன பேரு பிரச்சன பாதி தீந்துடும். எக்ஸ்ப்ளோட்னு ஒன்னு இருக்கும், அத டிக் பண்ணினா அந்த தலைப்புக்கு கீழ இருக்கற குட்டித் தலைப்புங்களும் சேந்து வரும். மேஜர் கான்செப்ட் டிக் பண்ணினா அந்த விஷயத்தையே மையமா வச்சு எழுதினது மட்டும் வரும். லேபிள் மட்டும் போதுமான்னா போதாது, புதுசா வந்த பேப்பர் சிலதுக்கு லேபிள் இன்னும் ஒட்டியிருக்காது, அதனால லேபிளையும் கீவேர்டையும் ஆர் போட்டு சேத்து தேடுங்க.

ஒரு குறுக்கு வழி சொல்றேன், இத நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்டேன். உங்க டாபிக்ல காக்ரேன் ரிவ்யூ ஏதாவது இருந்தா அதோட கடைசில அப்பெண்டிக்ஸ்க்கு போங்க, அவங்க எந்தெந்த வார்த்தைய போட்டு தேடினாங்கன்னு வரி வரியா அங்க இருக்கும். அத எடுத்து உங்க தேடலுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க, அதுல ஒரு தப்பும் இல்ல, அதுக்குத்தான் போட்டு வச்சிருக்காங்க. நம்ம பெட் சோர் கேள்விக்கே அப்படி ஒரு ரிவ்யூ இருக்கு, படிச்சா கொஞ்சம் ஷாக்தான், எத்தன மணி நேரத்துக்கு ஒருதடவ திருப்பறது நல்லதுன்னு உறுதியா சொல்ற அளவுக்கு ஆதாரம் பத்தலன்னு தான் அதுல வரும். ரெண்டு மணி நேரம்னு வேத வாக்கு மாதிரி சொல்லிக் குடுத்தது ஞாபகம் வந்துச்சு எனக்கு.

ஃபில்டர்ல மூணு பொறி இருக்கு. ஃபுல் டெக்ஸ்ட் மட்டும்னு டிக் பண்ணாதீங்க, அந்த டேட்டாபேஸ்ல முழுசா இல்லாத பேப்பர் உங்க லைப்ரரி வாங்கற வேற இடத்துல இருக்கலாம், பக்கத்துலயே இருக்கற லிங்க்க அழுத்தினா அதுவே கூட்டிட்டு போகும். பியர் ரிவ்யூட்னு, அதாவது அதே துறை ஆளுங்க சரிபாத்ததுன்னு, டிக் பண்ணினா எல்லாம் ஆராய்ச்சின்னு நம்பாதீங்க, அது ஜர்னல பாத்து சொல்றது, அந்த ஜர்னல்ல வர்ற தலையங்கமும் வாசகர் கடிதமும் கூட உள்ள வந்துடும். மூணாவது, கடைசி அஞ்சு வருஷம். மேடம் கேட்டாங்கன்னா போட்டுத்தான் ஆகணும், ஆனா பெட் சோர் வர்ற ஆபத்த அளக்கற பிரேடன் ஸ்கேல பத்தி எழுதறீங்கன்னா அது 1987ல வந்தது, மூலத்த விட்டுட்டு அத பத்தி எழுதினவங்கள பத்தி எழுதினவங்கள மேற்கோள் காட்றது நல்லா இல்ல.

கிடைச்சத படிக்கறதுக்கு முன்னாடி ரிட்ராக்ட் ஆயிருக்கான்னு, அதாவது ஜர்னலே அத வாபஸ் வாங்கிடுச்சான்னு, ஒரு பார்வை பாருங்க, பப்மெட்ல மேலயே பட்டையா போட்டிருப்பாங்க. எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சு போட்ட பேப்பர் 1998ல லான்செட்ல வந்தது, வாபஸ் வாங்கினது 2010ல, நடுவுல எத்தன பேரு நம்பி மேற்கோள் காட்டியிருப்பாங்கன்னு யோசிங்க. அதே மாதிரி ஏஐ கிட்ட ரெஃபரன்ஸ் கேட்டு வாங்கினீங்கன்னா ஒவ்வொன்னோட டிஓஐ (DOI) நம்பரையும், அதாவது அந்த கட்டுரைக்குன்னே இருக்கற அடையாள எண்ண, போட்டு தொறந்து பாருங்க, அழகா பேரு, வருஷம், பக்கம் எல்லாம் இருக்கும், அப்படி ஒரு பேப்பரே இருக்காது.

புத்தகம் வேணும்னா ஷெல்ஃப்ல புத்தகம் அடுக்கற முறைய பாருங்க, டியூயி முறைன்னா 610.73, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறைன்னா ஆர்டி (RT), மெடிக்கல் லைப்ரரின்னா டபிள்யூ ஒய் (WY), அங்க நின்னு பக்கத்துல இருக்கறதையும் புரட்டுங்க. அடிப்படை புரிய புத்தகம், ஆதாரத்துக்கு ஜர்னல், அவ்ளோதான்.

தேடினத சேவ் பண்ணுங்க. சினால்ல சொந்த அக்கவுன்ட் போட்டு லாகின் பண்ணலன்னா மூடினதும் ஹிஸ்டரி போயிடும், பப்மெட்ல எட்டு மணி நேரம் சும்மா விட்டா போயிடும். எந்த தேதில எந்த டேட்டாபேஸ்ல எத்தன ரிசல்ட் வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, தீசிஸ்ல கேப்பாங்க. ரெஃபரன்ஸ் அடுக்க ஸோட்டெரோ ஃப்ரீயா இருக்கு, ஆனா அது குடுக்கறத அப்படியே ஒட்டாதீங்க, தலைப்பு முழுக்க பெரிய எழுத்துல வந்து நிக்கறதெல்லாம் நம்மதான் சரி பண்ணணும்.

எங்கயாவது சிக்கினா லைப்ரரியன் கிட்ட போங்க, தொந்தரவு பண்றோமோன்னு கூச்சப்படாதீங்க, அவங்க வேலையே அதுதான். ஆனா "நர்சிங் பத்தி ஏதாவது குடுங்க மேடம்"னு போகாதீங்க, கேள்விய எழுதின பேப்பரையும் நீங்க போட்ட வார்த்தைங்களையும் எடுத்துட்டு போங்க, நான் ரெண்டு வாரமா திணறினத ஒருத்தங்க இருபது நிமிஷத்துல சரி பண்ணிக் குடுத்தாங்க, நான் விட்டிருந்தது ஒரே ஒரு வார்த்தை.

வீட்ல இருந்து பாக்கறப்ப பதிப்பகத்தோட பக்கம் காசு கேட்டா குடுக்காதீங்க, லைப்ரரி லாகின் வழியா திரும்ப உள்ள வந்து பாருங்க, முக்காவாசி தொறந்துடும். அப்பவும் வரலன்னா இன்டர்லைப்ரரி லோன் ஃபார்ம போடுங்க, வேற லைப்ரரில இருந்து வரவழைச்சு தருவாங்க. அதுக்கு நாள் ஆகும், நாளைக்கு சப்மிஷன வச்சுக்கிட்டு இன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ஃபார்ம் போட்டுட்டு இன்பாக்ஸ ரிஃப்ரெஷ் பண்ணிட்டு உக்காந்திருக்காதீங்க.