மலைமேல் பழைய சிந்தசைசர்: பணத்தையும் கருவியையும் கெடுக்கும் தவறுகள்

விளம்பரத்தில் 'ரேர் பீஸ்' என்று போட்டிருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். ஒரு சிந்தசைசர் (மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் இசைக்கருவி) இன்று அரிதாக இருக்கிறதென்றால், பல நேரம் காரணம் ஒன்றுதான்: அது வந்த காலத்தில் யாரும் வாங்கவில்லை. ரோலண்ட் டிபி-303-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் கிடார் வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்கென்று எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த சின்னப் பெட்டி அது. ஆனால் பேஸ் கிடார் மாதிரி ஒலிக்கவே இல்லை. சுமார் 10,000 பெட்டிகளோடு 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் அடிமாட்டு விலைக்குப் போனதை சிகாகோ பையன்கள் வாங்கி, குமிழ்களைத் தாறுமாறாகத் திருகி ஆசிட் ஹவுஸ் என்று ஓர் இசையையே உண்டாக்கிய பிறகுதான் அதற்கு மவுசு வந்தது. அதற்கு முன்பே, 1982-ல், பம்பாய் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் இதே 303-ஐயும் டிஆர்-808 தாளப்பெட்டி, ஜூபிடர்-8 சிந்தசைசர் ஆகியவற்றையும் வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்திருந்தார். அப்போது அதையும் யாரும் சீண்டவில்லை.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த 'அரிது' இன்னும் ஆபத்தானது. பழுதானால் கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ கீழே இறக்க வேண்டும். அங்கேயும் மெக்கானிக்குக்கு அந்த மாடலைப் பார்த்த பழக்கம் இருக்க வேண்டும், உதிரிபாகமும் கிடைக்க வேண்டும். யமஹா டிஎக்ஸ்7 (1983) ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கருவி. அரிது இல்லை, அதனாலேயே நல்லது. பாகம் கிடைக்கும், சர்க்யூட் வரைபடம் கிடைக்கும், கை வைத்துப் பழகிய ஆளும் கிடைப்பார். எண்பதுகளின் சினிமாப் பாட்டைக் கேட்டு வளர்ந்து, அந்தக் கண்ணாடி மணி மாதிரியான எலெக்ட்ரிக் பியானோ ஒலிக்காக ஏங்குகிறவர்கள் தேடுவதும் பெரும்பாலும் இதைத்தான். ஆனால் இதை 'அனலாக்' (எண்கணக்கு இல்லாமல் மின்னலையாலேயே ஒலி உண்டாக்குவது) என்று சொல்லி விற்பவரிடம் மாட்டாதீர்கள். டிஎக்ஸ்7 முழுக்க டிஜிட்டல். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-ல் கண்டறிந்த எஃப்எம் முறையை (ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைத்து ஒலி உண்டாக்குவது) யமஹா உரிமம் வாங்கிச் செய்தது. 1988-ல் வந்த கோர்க் எம்1-ம் டிஜிட்டல்தான். பழசு எல்லாம் அனலாக் ஆகிவிடாது.

அடுத்த தவறு, வீடியோ பார்த்து வாங்குவது. "எல்லா கட்டையும் பேசுது அண்ணே" என்று விற்பவர் சொல்வார். பேசும்தான். ஆனால் ரோலண்ட் ஜூனோ-106 (1984) போன்ற கருவியில் கட்டை வேறு, குரல் வேறு. உள்ளே ஆறு குரல்கள்தான், அதாவது ஒலி உண்டாக்கும் ஆறு சுற்றுகள்தான், இருக்கின்றன, எந்தக் கட்டையைத் தொட்டாலும் அவற்றில் ஏதோ ஒன்று ஒலிக்கும். 'பாலி 1' முறையில் வைத்து ஒரே கட்டையை நிதானமாக ஆறேழு தடவை தட்டுங்கள். ஆறும் வரிசையாக வந்து போகும். ஐந்து தடவை சுத்தமாக ஒலித்து ஒரு தடவை மட்டும் மங்கலாகவோ, மணலை வறுப்பது போல் கரகரவென்றோ வந்தால், அந்தக் குரலின் 80017ஏ சிப் போய்விட்டது. இந்தச் சிப்பின்மேல் பூசியிருக்கும் கறுப்பு எபாக்சிப் பிசின்தான் காலப்போக்கில் மின்கசிவை உண்டாக்குகிறது. அசிட்டோனில் ஊறவைத்து அந்தப் பூச்சை உரித்து எடுத்தால் சில சிப்புகள் உயிர் பெறும், சில பெறாது. புதிதாகச் செய்த மாற்றுச் சிப்புகளும் விற்கிறார்கள். ஆகவே இது வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். கருவி சூடான பிறகே இந்தக் கோளாறு வெளிப்படுவதும் உண்டு என்பதால், அரை மணி நேரமாவது ஓடவிட்டுச் சோதியுங்கள்.

மின்சாரத்தில் செய்யும் தவறுக்கு இரண்டாம் வாய்ப்பே கிடையாது. ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வந்தது 120. பின்பக்கத் தகட்டில் அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் பிளக் அடாப்டரை மட்டும் மாட்டி நம் 230-ல் செருகினால் பவர் சப்ளை போய்விடும். 'ஸ்டெப் டவுன் வாங்கிவிட்டேன்' என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஒன்றைக் கவனிப்பதில்லை. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 230-க்கு 110 தரும் டிரான்ஸ்ஃபார்மர். 100 வோல்ட் கருவிக்கு அதுவே பத்து சதவீதம் அதிகம். காற்றடித்து மரம் லைன்மேல் விழுந்து, கரண்ட் போய்த் திரும்பும்போது வோல்டேஜ் 250-க்கு ஏறினால், அந்த 110 கிட்டத்தட்ட 120 ஆகிவிடும். நாற்பது வயதுக் கண்டென்சர்கள் அதைத் தாங்குவது சந்தேகம். 100 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மரைச் சொல்லிச் செய்து வாங்குங்கள், முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் போடுங்கள். கரண்ட் போன உடனே கருவியின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்குவதும் தப்பு. முக்கியமாக கோர்க் பாலிசிக்ஸ் (1981). ஒலிகளை நினைவில் வைக்கும் கேஎல்எம்-367 என்ற போர்டில் ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி ஒட்டியிருக்கும். வயதானால் அது ஒழுகும். திறந்தால் பேட்டரியின் காலடியில் பொருபொருவென்று பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். பக்கத்தில் ஓடும் செப்புக் கோடுகள் முதலில் கறுக்கும், அப்புறம் அரித்து அறுந்தேபோகும். ஒழுகுவது காரம், ஆகவே தண்ணீர் கலந்த வினிகரை பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவ வேண்டும். அறுந்த கோடுகளுக்கு மெல்லிய வயர் வைத்துச் சால்டர் செய்யலாம். பொறுமை இருந்தால் முடியும். இன்னும் ஒழுகாமல் இருந்தாலும் அந்தப் பேட்டரியை முதல் நாளே கழற்றிவிடுங்கள்.

சரி, வாங்கியாயிற்று. மலை ஏற்றும்போது என்ன தவறு நடக்கிறது? மேட்டுப்பாளையம் பாதையானால் 14 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டி வழியானால் 36. சாக்கெட்டில் செருகியிருக்கும் ஐ.சி.க்கள் குலுக்கலில் மேலெழும்பும். வந்து சேர்ந்ததும் ஒலி வரவில்லை என்று பதறுவதற்கு முன், இணைப்பைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து அவற்றை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். இன்னொன்று ஆர்வக்கோளாறு. சில்லிட்டுக் கிடக்கும் கருவியைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்த உடனே ஆன் செய்வார்கள். ஜனவரி இரவில் காரிலேயே கிடந்த கருவி என்றால், போர்டு முழுக்க நீர் கோத்துக்கொள்ளும். பெட்டியைத் திறக்காமலே அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள். மறுநாள் காலை ஆன் செய்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

மழைக்காலத்துக்கு பயந்து பாலித்தீன் உறையில் இறுகக் கட்டி வைப்பவர்கள் உண்டு. அது ஈரத்தையும் உள்ளேயே சேர்த்துக் கட்டுவது. பருத்தித் துணி போர்த்தி, பக்கத்தில் சிலிக்கா ஜெல் வைத்து, வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். உள்சூடே ஈரத்தை விரட்டும், கண்டென்சர்களுக்கும் அது நல்லது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலை மழையில் இதுவும் போதாது, டீஹியூமிடிஃபையர் தேவைப்படும். பழைய பங்களாக்களில் கணப்படுப்புக்குப் பக்கத்தில் அழகுக்காக வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கரித்தூள் ஸ்லைடர்களின் இடுக்கில் இறங்கினால் ஒவ்வொரு அசைவுக்கும் கரகரக்கும். அப்படிக் கரகரத்தால், கதவுக் கீலுக்கு அடிக்கும் துரு ஸ்பிரேயை அடிப்பது அதைவிடப் பெரிய தவறு. அந்த எண்ணெய்ப் பிசுக்கில் தூசி இன்னும் ஒட்டும். மின் இணைப்புகளுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனர்தான் வேண்டும்.

குளிரில் சுருதி விலகுவதை வைத்துக் கருவியைக் குறை சொல்பவர்களும் நிறைய. மினிமூக் (1970) போன்றவற்றில் சுருதியைத் தரும் ஆசிலேட்டர் சுற்று வெப்பத்துக்கு ஏற்ப நகரும், அது பழுதல்ல. காலை எட்டு மணிக் குளிரில் உள்ளே இருக்கும் சின்னத் திருகுகளைத் திருகிச் சுருதி சேர்த்தால் மத்தியானம் திரும்பவும் விலகியிருக்கும், நிறுவனம் வைத்த அளவும் போயிருக்கும். அரை மணி நேரம் சூடேறவிட்டு, முகப்பில் இருக்கும் டியூன் குமிழை மட்டும் தொடுங்கள். தினமும் இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஜூனோ மாதிரி டிசிஓ (டிஜிட்டல் கட்டுப்பாட்டில் சுருதி நிற்கும் ஆசிலேட்டர்) உள்ளவை ஊட்டிக் குளிருக்குத் தோது.

கம்ப்யூட்டரோடு இணைக்க நினைப்பவர்கள் ஆண்டைப் பார்க்க வேண்டும். கருவிகளையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் மிடி இணைப்பு பரவியது 1983-லிருந்துதான். ஜூனோ-60-ல் கிடையாது, 106-ல் உண்டு.

கடைசியாக, ரிப்பேருக்குக் கீழே அனுப்பும் முன் கருவியில் சேமித்திருக்கும் ஒலிகளைப் பிரதி எடுக்காமல் விடுவது. டிஎக்ஸ்7-ல் ஃபங்ஷன் 14-க்குப் போனால் அந்த நினைவைக் காக்கும் உள் பேட்டரியின் வோல்டேஜ் திரையில் தெரியும். பேட்டரியைக் கழற்றிய நொடியே 32 ஒலிகளும் அழிந்துவிடும். அவை மொத்தமே 4,104 பைட். மிடி வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சில நொடிகள்கூட ஆகாது. ஜூனோ-106-ல் அந்தக் காலத்து கேசட் வழியும் உண்டு. கம்பெனி கொடுத்த ஒலிகள் இணையத்தில் எங்கும் கிடைக்கும். முன்பு வைத்திருந்தவர் உட்கார்ந்து தானே உருவாக்கியவை அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கின்றன.